சிங்கப்பூரில் பொறியியல் இடம் கிடைத்துவிட்டது, அடுத்து என்ன?

போன ஜூன் மாதம் ஈசூனில் ஒரு வீட்டு விசேஷம். சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்திருந்த மாமா ஒருவர், மகளுக்கு நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் இடம் கிடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, "அங்க ப்ரொபசர்கள்லாம் நல்லா சொல்லிக் கொடுப்பாங்களா தம்பி?" என்று கேட்டார். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "சில பேர் பிரமாதமா நடத்துவாங்க மாமா, ஆனா அவங்களை அதுக்காக மட்டும் வேலைக்கு எடுக்கலை" என்றேன். மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. மகள் மட்டும் என் வாட்ஸ்அப் எண்ணை வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் கேட்ட கேள்விகளும் நான் எழுதிய பதில்களும்தான் இந்தக் கட்டுரை. நான் இங்கேயே ஒரு பல்கலையில் மின்னியல் பட்டம் முடித்து, இப்போது முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறேன், அதனால் டுட்டோரியல் என்னும் சிறு குழுப் பயிற்சி வகுப்பில் பின் வரிசையில் உட்கார்ந்த கதையும் தெரியும், முன்னால் நின்று நடத்துகிறவனின் பாடும் தெரியும்.

முதலில், இது எந்த மாதிரி இடம்

சிங்கப்பூரில் பொறியியல் படிக்கப் பல வழிகள் இருக்கின்றன, எல்லாம் ஒரே மாதிரி இல்லை. சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம், அதாவது பொங்கோலில் புது வளாகம் கட்டிக்கொண்டு போன எஸ்ஐடி, செயல்முறைக் கல்விக்காக அமைந்தது. படிப்பின் நடுவிலேயே நீண்ட வேலைப் பயிற்சி வரும், நிறுவனங்களோடு நெருக்கம் அதிகம். நன்யாங், தேசியப் பல்கலைக்கழகம், சாங்கி பக்கம் இருக்கும் எஸ்யுடிடி (சிங்கப்பூர்த் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகம்) மூன்றும் ஆய்வுப் பல்கலைகள். பலதுறைத் தொழிற்கல்லூரியில், அதாவது பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு, "எனக்குக் கையால் செய்தால்தான் மண்டையில் ஏறும், சீக்கிரம் வேலைக்குப் போகணும்" என்று இருப்பவர்கள் தரவரிசைப் பட்டியலைப் பார்த்து மயங்காமல் எஸ்ஐடியையும் ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பெயருக்காக ஆய்வுப் பல்கலையில் சேர்ந்து நான்கு வருடம் முனகிக்கொண்டே இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆய்வுப் பல்கலை என்றால் நடைமுறையில் என்ன? உங்களுக்குச் சுற்றுக் கோட்பாடு நடத்தும் உதவிப் பேராசிரியருக்கு வேலை நிரந்தரமாவது பெரும்பாலும் அவர் வெளியிடும் ஆய்வுக் கட்டுரைகளையும், கொண்டுவரும் ஆய்வு நிதியையும் பொறுத்தது. கற்பித்தலையும் பார்ப்பார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் ராத்திரி பதினோரு மணிக்குக் கவலைப்படுவது உங்கள் மூன்றாவது டுட்டோரியல் தாளைப் பற்றி இருக்காது, அடுத்த வாரம் அனுப்ப வேண்டிய நிதி விண்ணப்பத்தைப் பற்றி இருக்கும். இதைக் கேட்டதும் கோபம் வருவது இயல்பு, எனக்கும் வந்தது. ஆனால் மறுபக்கம் ஒன்று இருக்கிறது: அந்த நிதியில்தான் ஆய்வகம் நடக்கிறது, அந்த ஆய்வகத்துக்குள் இளநிலை மாணவரும் நுழையலாம். நுழையாவிட்டாலும் பட்டம் கிடைத்துவிடும், யாரும் உங்களைத் தேடி வந்து கேட்கப் போவதில்லை. அப்படிப் படிப்பது, பஃபே விருந்துக்குக் காசு கட்டிவிட்டு வெறும் சோற்றை மட்டும் சாப்பிட்டு வருகிற மாதிரி.

ஒரு உதாரணம் சொல்கிறேன். சிங்கப்பூரிலேயே உருவான முதல் செயற்கைக்கோள் எக்ஸ்-சாட், நன்யாங்கும் பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனமான டிஎஸ்ஓ தேசிய ஆய்வகமும் சேர்ந்து செய்தது. 2011 ஏப்ரல் 20 அன்று அது பறந்தது நம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, இஸ்ரோவின் பிஎஸ்எல்வி ராக்கெட்டில். அதற்குப் பிறகு வந்த வேலாக்ஸ் வரிசைச் சிறு செயற்கைக்கோள்களில் இளநிலை மாணவர்களே வேலை பார்த்தார்கள். 2014 ஜூனில் வேலாக்ஸ்-1 போனதும் பிஎஸ்எல்வியில்தான். இருபத்திரண்டு வயதில் நீங்கள் கை வைத்த ஒரு பொருள் பூமியைச் சுற்றி வருகிறது என்றால் அந்த வாய்ப்பு எந்த விரிவுரை மண்டபத்திலும் கிடைக்காது.

கையெழுத்துப் போடும் முன்

இந்தப் பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு. திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ வரும் பிள்ளைகளின் பெற்றோர் இதைத்தான் அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். கல்வி அமைச்சின் கல்விக் கட்டண மானியத்தை எடுத்துக்கொண்டால் கட்டணம் நன்றாகக் குறையும், ஆனால் அது இனாம் இல்லை. பட்டம் முடித்த பிறகு சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றில் மூன்று ஆண்டு வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் போடுகிறீர்கள். பிணையாளர் கையெழுத்தும் உண்டு. முறித்தால் பணம் கட்ட வேண்டிவரும், அதுவும் சில்லறை இல்லை. முடித்ததும் நேரே அமெரிக்கா போய் மேல்படிப்பு என்று திட்டம் இருந்தால், மேல்படிப்புக்காக அந்தக் கடமையைத் தள்ளிவைக்க முடியுமா, எந்த நிபந்தனையில் என்று முதலிலேயே எழுத்தில் கேட்டுவிடுங்கள். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இந்த மூன்றாண்டுக் கட்டு கிடையாது.

மாணவர் அனுமதி அட்டை, மருத்துவப் பரிசோதனை எல்லாம் பல்கலை அனுப்பும் பட்டியல்படி செய்தால் முடிந்துவிடும். பகுதி நேர வேலை பற்றி மட்டும் ஒரு வார்த்தை: அங்கீகரிக்கப்பட்ட பல்கலைகளில் முழுநேரம் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் தவணைக் (செமஸ்டர்) காலத்தில் வாரத்துக்கு 16 மணி நேரம் வரை வேலை செய்யலாம். முதல் ஆண்டில் வேண்டாம் என்பது என் கருத்து.

ஜூன், ஜூலை: கணக்கைத் தூசி தட்டுங்கள்

பொறியியலில் முதல் ஆண்டில் அடி விழுவது பெரும்பாலும் கணக்கில்தான். உள்ளூர்ப் பையன்கள் தேசிய சேவை முடித்து வருகிறார்கள், இரண்டு வருடம் நுண்கணிதத்தைத் தொடாத கை. பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து வருகிறவர்களுக்கு ஆஸிலோஸ்கோப் (மின் அலைகளைத் திரையில் காட்டும் கருவி) தண்ணீர் பட்ட பாடு, ஆனால் தொடக்கக் கல்லூரியில் (ஊர் பிளஸ் டூ மாதிரி) ஏ நிலைக் கணக்கு படித்தவர்களோடு முதல் தவணையில் போட்டி போடும்போது மூச்சு வாங்கும். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் கணக்கில் வேகம், ஆனால் "இந்த விடை நடைமுறையில் சரியாக இருக்குமா?" என்று கேட்டால் சிலர் விழிப்பார்கள். யாராக இருந்தாலும் வகையீடு, தொகையீடு, கலப்பெண்கள், அணிகள் இந்த நான்கையும் ஆகஸ்டுக்கு முன்னால் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் விரிவுரைகள் இலவசம்தான், யூடியூபிலேயே இருக்கின்றன. தினம் ஒரு மணி நேரம் போதும். கூடவே பைத்தான் நிரலாக்கம் கொஞ்சம் பழகிக்கொண்டால் பின்னால் ஆய்வகத்தில் ரொம்பக் கை கொடுக்கும்.

பதிமூன்று வாரம் என்பது கண் மூடித் திறப்பதற்குள்

ஒரு தவணை 13 பாட வாரங்கள். நடுவில் 6ஆவது அல்லது 7ஆவது வாரம் முடிந்ததும் ஒரு வாரம் இடைவெளி, அதை விடுமுறை என்று நினைப்பவர்கள் முதல் தவணை மாணவர்கள் மட்டும்தான். நன்யாங்கில் பாடச் சுமையை ஏயு என்ற அலகில் எண்ணுகிறார்கள். ஒரு ஏயு என்றால் தோராயமாக வாரத்துக்கு ஒரு மணி நேர விரிவுரை அல்லது டுட்டோரியல், ஆய்வகமாக இருந்தால் மூன்று மணி நேரம். தேசியப் பல்கலையில் கணக்கு வேறு, அங்கே ஒரு யூனிட் என்பது நீங்களே படிக்கும் நேரத்தையும் சேர்த்து வாரத்துக்கு இரண்டரை மணி நேரம். ஆக நான்கு யூனிட் பாடம் ஒன்றுக்கே பத்து மணி நேரம், அப்படி ஐந்து எடுத்தால் உங்கள் வாரம் முடிந்தது.

பாடங்களைப் பதிவு செய்யும் நாள் ஒரு யுத்தம். நன்யாங்கில் அந்த முறைக்கு ஸ்டார்ஸ் என்று பெயர், பிள்ளைகள் அதை ஸ்டார்ஸ் வார்ஸ் என்றே சொல்வார்கள். தேசியப் பல்கலைக்காரர்களுக்கு நஸ்மாட்ஸ் என்ற கால அட்டவணைத் தளம் உண்டு, மாணவர்களே உருவாக்கியது, அருமையாக வேலை செய்யும். எந்த இடமாக இருந்தாலும் இரண்டு மூன்று மாற்று அட்டவணைகளை முன்கூட்டியே போட்டு வையுங்கள். முடிந்தால் வாரத்தில் ஒரு மதியம் முழுவதையும் காலியாக விடுங்கள். இப்போது எதற்கு என்று தோன்றும், இரண்டாம் ஆண்டில் ஆய்வகத்துக்குப் போக அந்த மதியம்தான் வேண்டும்.

மதிப்பெண் பற்றி. தரப்புள்ளி 5.0க்கு. 4.5 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆனர்ஸ் பட்டத்தில் மிக உயர்ந்த நிலை. சில பாடங்களைத் தரப்புள்ளியில் சேராமல் வெறும் தேர்ச்சியாக மாற்றிக்கொள்ளும் வசதியும் உண்டு, ஆனால் அந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன, அதனால் மூத்த மாணவர் சொன்னதை நம்பாமல் நீங்கள் சேர்ந்த ஆண்டுக்கான விதியைத் தேடிப் படியுங்கள். பெல் கர்வ், அதாவது மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தரம் போடும் முறை, அந்தப் பயம் எல்லோருக்கும் இருக்கிறது. அதற்காகக் குறிப்புகளை ஒளித்து வைப்பவர்கள் கடைசியில் தனியாகவே உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும், அது இன்னும் மோசம். நாலு பேர் சேர்ந்து பழைய வினாத்தாள்களைப் போடுவதுதான் பலன் தரும். நூலகத் தளத்தில் தேடினால் கிடைக்கும், காசு கொடுத்து யாரிடமும் வாங்காதீர்கள்.

டுட்டோரியலுக்குக் கணக்குகளைப் போட்டுப் பார்க்காமல் போகாதீர்கள். தப்பாகப் போட்டிருந்தாலும் சரி. டுட்டோரியல் எடுப்பவன் பல நேரம் என்னைப் போன்ற ஆய்வு மாணவன்தான், "எனக்கு எதுவுமே புரியலை" என்று வருகிறவருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று எனக்கே தெரியாது, "மூன்றாவது வரியில் இந்தக் குறி ஏன் மாறுது?" என்று கேட்டால் அரை மணி நேரம்கூட உட்கார்ந்து சொல்லித் தருவேன். நம் பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்கக் கூச்சம் அதிகம். வகுப்பில் கேட்க வெட்கமாக இருந்தால் முடிந்ததும் வாசலில் பிடியுங்கள்.

ஆய்வகத்துக்குள் நுழைவது எப்படி

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். நன்யாங்கில் யுரேக்கா, தேசியப் பல்கலையில் யுராப் என்று இளநிலை மாணவர்களுக்கான ஆய்வுத் திட்டங்கள் இருக்கின்றன. தரப்புள்ளி தகுதி கேட்பார்கள், அதனால் முதல் ஆண்டைக் கோட்டை விடாதீர்கள். திட்டத்தில் இடம் இல்லாவிட்டாலும் சும்மா வந்து உதவி செய்கிறேன் என்று கேட்டு நுழைந்தவர்களும் உண்டு.

எல்லோரும் செய்யும் தவறை நானும் செய்தேன். இரண்டாம் ஆண்டில் ஒரே மின்னஞ்சலைப் பெயரை மட்டும் மாற்றிப் பதினோரு பேராசிரியர்களுக்கு அனுப்பினேன், "உங்கள் ஆய்வு என்னை மிகவும் கவர்ந்தது" என்று. பத்துப் பேரிடமிருந்து பதிலே இல்லை. ஒருவர் மட்டும் பதில் போட்டார்: நீங்கள் குறிப்பிட்டிருக்கும் ஆய்வு என்னுடையது இல்லை, பக்கத்து அறைக்காரருடையது. நான் ஒரு வாரம் அந்தத் தாழ்வாரத்துப் பக்கமே போகவில்லை.

பிறகு ஒரு அக்கா சொல்லித் தந்த முறை இது, இன்று வரைக்கும் இதைத்தான் எல்லோருக்கும் சொல்கிறேன். பேராசிரியரின் பக்கத்தில் கடந்த இரண்டு ஆண்டில் வந்த கட்டுரைகளைப் பாருங்கள், ஒன்றை மட்டும் எடுங்கள். முழுதும் புரியாது, புரிய வேண்டிய அவசியமும் இல்லை. சுருக்கத்தைப் படித்து, படங்களைப் பார்த்து, முடிவுரையைப் படித்து, அப்புறம் நேரமிருந்தால் நடுவுக்குப் போங்கள். உங்களுக்குப் புரியாத ஒரே ஒரு இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் வரிசையில் பொறியியல் கட்டுரைகளில் பெரும்பாலும் முதலில் இருப்பவர் அந்த வேலையைக் கையால் செய்த ஆய்வு மாணவர், கடைசியில் இருப்பவர் ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியர். நேரே பெரியவருக்கு எழுதாமல் முதல் பெயர்க்காரருக்கு எழுதிப் பாருங்கள், "இந்த நான்காவது படத்தில் வெப்பநிலை ஏறும்போது திறன் ஏன் திடீரென்று விழுகிறது?" என்று. தன் கட்டுரையைப் படித்து ஒருவர் கேள்வி கேட்டால் எந்த ஆய்வு மாணவருக்கும் உச்சி குளிரும். கோப்பி குடிக்கலாம் வா என்று கூப்பிடுவார். அந்தக் கோப்பிக் கடை மேசையில்தான் அந்த ஆய்வகத்தில் என்ன நடக்கிறது, பேராசிரியர் எப்படிப்பட்டவர், ஆள் தேவையா இல்லையா என்பதெல்லாம் தெரியவரும்.

அதற்குப் பிறகு பேராசிரியருக்கு எழுதுங்கள். எட்டு வரிக்கு மேல் போகக் கூடாது. நீங்கள் யார், எந்த ஆண்டு, எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வர முடியும், கையில் என்ன தெரியும், அவ்வளவுதான். ஊரிலிருந்து வருகிறவர்கள் "மதிப்பிற்குரிய ஐயா" பாணியை ஆங்கிலத்தில் எழுதுவார்கள், இங்கே அது வழக்கம் இல்லை, ப்ரொபசர் என்று போட்டுக் குடும்பப் பெயர் போதும். சீனப் பெயர்களில் குடும்பப் பெயர் முன்னால் வரும் என்பதை மறக்காதீர்கள், டான் என்று தொடங்கினால் அவர் ப்ரொபசர் டான். நம்மவர்கள் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது, தகப்பனார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடாமல் சொந்தப் பெயரைக் கண்டுபிடித்து எழுதுங்கள். முதல் வாரத்திலும் தேர்வு நெருங்கும் வாரங்களிலும் அனுப்ப வேண்டாம். பதில் வரவில்லை என்றால் பத்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல், அதற்கும் இல்லையென்றால் அடுத்தவர். அவர் உங்களை வெறுக்கவில்லை, அவருடைய அஞ்சல் பெட்டியில் புதைந்துவிட்டீர்கள்.

உள்ளே போன பிறகு எளிய விஷயங்கள்தான். பாதுகாப்புப் பயிற்சியை முடிக்காமல் எதையும் தொட விடமாட்டார்கள். செருப்போடு வராதீர்கள், விடுதியிலிருந்து அப்படியே சிலிப்பரில் கிளம்பி வந்து வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். தேதி போட்டு ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள், வேலை செய்யாததையும் எழுதுங்கள், குறிப்பாக வேலை செய்யாததை.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். சேர்ந்த முதல் மாதம் ஒரு மின்மாற்றுச் சுற்றில் ஆஸிலோஸ்கோப்பின் கருப்புக் கிளிப்பை மாட்டக் கூடாத இடத்தில் மாட்டிவிட்டேன். அந்தக் கிளிப் கருவி வழியாக நேரே தரையோடு இணைந்தது, எங்கே மாட்டுகிறீர்களோ அந்த இடம் குறுக்குச் சுற்றாகிவிடும். டப் என்று ஒரு சத்தம், மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் போயிற்று. பயத்தில் யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் எனக்கு மேலே இருந்த அண்ணன் அரை நாள் தன் நிரலில்தான் பிழை என்று தேடியிருக்கிறார். கண்டுபிடித்த பிறகு அவர் கோபப்பட்டது உடைந்த பொருளுக்காக இல்லை, "ரெண்டு வெள்ளி சாமான்டா, சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷத்தில் மாத்தியிருப்பேன்" என்றார்.

தீபாவளியும் தேர்வும்

நவம்பர் கடைசியில் தேர்வு தொடங்கும், தீபாவளி அதற்குச் சில வாரம் முன்னால் வந்து நிற்கும். பொது விடுமுறைதான், ஆனால் குழுத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அது தெரியாது, "சனிக்கிழமை மீட்டிங்" என்பார்கள். இரண்டு வாரம் முன்பே சொல்லிவையுங்கள், ஒரு டப்பா முறுக்கும் கொண்டுபோங்கள். நன்யாங்கில் தமிழ் இலக்கிய மன்றம் இருக்கிறது, தேசியப் பல்கலையிலும் தமிழ்ச் சங்கம் உண்டு. விடுதியில் தனியாக இருப்பவர்கள் அங்கே ஒரு தடவையாவது எட்டிப் பாருங்கள். பூன் லேயிலிருந்து 179 அல்லது 199 பேருந்தில் நன்யாங்குக்குள் போய்விட்டால் தேக்கா (லிட்டில் இந்தியா) ரொம்பத் தூரம்.

மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு

மூன்றாம் ஆண்டு வாக்கில் வேலைப் பயிற்சி வரும், துறைக்கும் ஆண்டுக்கும் ஏற்ப நீளம் மாறும். ஆய்வகத்தில் இருந்தவர்கள் ஒரு தடவையாவது தொழிற்சாலைக்குப் போய்ப் பாருங்கள். ஆய்வகத்தில் ஒரு சாதனம் ஒரு தடவை வேலை செய்தால் கட்டுரை எழுதிவிடலாம், தொழிற்சாலையில் அது பத்தாயிரம் தடவை வேலை செய்ய வேண்டும். எது உங்களுக்குப் பிடிக்கிறது என்று அப்போதுதான் தெரியும். எனக்கு முதலாவது, என் கூட்டாளி ஒருவனுக்கு இரண்டாவது, இன்றைக்கு அவன் சம்பளம் என் உதவித்தொகையைவிட எவ்வளவு அதிகம் என்று மட்டும் கேட்காதீர்கள். முனைவர் பட்டம் நான்கு ஆண்டு வேலை, நடுவில் தகுதித் தேர்வு ஒன்றும் உண்டு. வேலை கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் அதில் சேர வேண்டாம்.

நான்காம் ஆண்டில் எஃப்ஒய்பி, இரண்டு தவணை நீளும் இறுதித் திட்டம். தலைப்பைவிட யார் வழிநடத்துகிறார் என்பதைப் பாருங்கள், அவருடைய போன ஆண்டு மாணவர்களைத் தேடிப் பிடித்து "வாரம் ஒரு தடவையாவது பார்ப்பாரா?" என்று கேளுங்கள். முடிக்கும்போது அடுத்து வருகிறவருக்காகக் கோப்பு ஒன்றைத் தயாரித்து வைத்துவிட்டுப் போங்கள், சுற்று வரைபடம், நிரல், எங்கே வாங்கியது என்கிற விவரம் எல்லாம் சேர்த்து. எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன நிரலில் மாறிகளின் பெயர் எல்லாம் டெம்ப்1, டெம்ப்2 என்று டெம்ப்17 வரை போனது, மூன்று வாரம் அதிலேயே கழிந்தது. அந்த ஆத்திரத்தில் நான் நாற்பது பக்கத்துக்கு எழுதி வைத்துவிட்டு வந்தேன். பேட்டரிக் கம்பிகளில் கருப்புதான் பாசிட்டிவ் என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டேன். சிவப்புக் கம்பி தீர்ந்துபோனதால் கையில் கிடைத்ததை மாட்டியிருந்தேன். அடுத்த ஆகஸ்டில் ஒரு தம்பி போன் செய்தான், "அண்ணே, இப்ப ஒரு சத்தம் கேட்டுச்சு" என்று.